பத்து நாளில் ஆஸ்திரேலியா

பத்து நாள் லீவுல ஆஸ்திரேலியா முழுக்கப் பார்த்துடலாம்னு சிலர் கிளம்புறாங்க. வரைபடத்துல சிட்னிக்கும் பெர்த்துக்கும் ஒரு சாண்தான். 'இந்தியன் பசிபிக்' ரயில்ல ஏறினா 4,352 கிலோமீட்டர். மூணு ராத்திரி ரயில்லயே தூங்கணும். நடுவுல நல்லார்பார் சமவெளியில 478 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் வளையவே வளையாது. ரயில் பைத்தியங்களுக்கு அது விருந்து. மத்தவங்களுக்கு மூணு நாள் போயே போச்சு!

மூணே இடம் போதும்ங்க: சிட்னி, நடுப் பாலைவனத்துல உலுரு பாறை, வடக்கே கெய்ன்ஸ். எல்லாத்துக்கும் விமானம்தான். உலுருவுக்குன்னு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல இறங்கிடாதீங்க. அங்கேருந்து சாலையில சுமார் 450 கிலோமீட்டர். பாறைக்குப் பக்கத்துல யுலாராவிலேயே விமான நிலையம் இருக்கு. பாறை மேல ஏற முடியாது. அந்த மண்ணோட பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கு அது புனித இடம். 2019 அக்டோபரோட ஏறுறதை நிறுத்தியாச்சு. சுத்தி நடந்து வரலாம், 10 கிலோமீட்டருக்கு மேல.

ஜூன்லேருந்து ஆகஸ்டுக்குள்ள போங்க, அப்போ அங்கே குளிர்காலம். ஜனவரியில பாலைவனம் கொதிக்கும். கெய்ன்ஸ் கடற்கரையில விஷ ஜெல்லி மீன் வேற.

கடிகாரத்தையும் கவனிங்க. அந்த மாசங்கள்ல சிட்னியில 9 மணின்னா உலுருவுல எட்டரைதான்!