முன்றில் அணிலும் மனைக் குருவியும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



முதலில் என் பிழையொன்றை ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் கவியரங்கில், ஆளற்றுப் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பாடினேன். அதன் உத்திரத்தில் ஒரு சிட்டுக்குருவிக் கூட்டையும் வைத்தேன். கைதட்டல் கிடைத்தது. கூட்டம் கலைந்தபின் முதிய உழவர் ஒருவர் அருகில் வந்து, "தம்பி, ஆள் போன வீட்டுல குருவிக்கு என்ன சோலி? அங்க அணில்தான் ஆடும்" என்றார். மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அன்றிரவு குறுந்தொகையைப் புரட்டினேன். 41ஆம் பாட்டின் தலைவி, தலைவன் பிரிந்த நாளில் தன்னை, மக்கள் நீங்கிய பாலைநிலச் சிற்றூரில் அணில் விளையாடும் முற்றத்தையுடைய வீட்டுக்கு ஒப்பிடுகிறாள். அத்தொடரே புலவருக்குப் பெயருமாயிற்று: அணிலாடு முன்றிலார். 46ஆம் பாட்டில் மாமலாடன் காட்டுவதோ குருவியை. வாடிய ஆம்பல் நிறச் சிறகுடைய அது, முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, மன்றத்து எருப்பொடியில் குளித்து, மாலையில் வீட்டு இறவாணத்தில் குஞ்சுகளுடன் அடைகிறது. இத்தகைய மாலை அவர் சென்ற நாட்டில் இல்லையோ என்று தலைவி தோழியைக் கேட்கிறாள்.

இரு பாட்டிலும் முற்றம் உண்டு, தோழி உண்டு, தனிமை உண்டு. உயிரினம் மட்டும் வேறு. மாற்றி வைத்தால் இரண்டுமே கெடும். ஆள் நடமாடும் முற்றத்துக்கும் அணில் வரும். காலடி கேட்டதும் மரமேறிவிடும். அது நின்று ஆடுகிறதென்றால் அங்கே காலடியே இல்லை என்பது பொருள். குருவியோ காயும் தானியத்தையும் எருவையும், அதாவது மனிதரின் உழைப்பையே அண்டி வாழ்வது. ஊர் காலியானால் பெரும்பாலும் அதுவும் போய்விடும். எனவே முதற்பாட்டில் வீடே வெறுமை. மற்றதில் வீடு நிறைந்திருக்க, வெறுமை அவளிடம்.

இன்னொன்றும் உண்டு. குருவியினத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே குஞ்சுக்கு இரையூட்டும். அணிற்பிள்ளையைத் தாய் தனியே வளர்க்கிறது. பிரிந்தவனை நினைப்பவளின் கண்ணில் குருவிக் குடும்பம் படுவது சும்மாவா? (இடையே ஒரு வேடிக்கை: அறிவியலார் பாடும் பறவைகளின் வரிசையில் வைத்த குருவிக்குச் சொல்லத்தக்க பாட்டில்லை, அணிலின் கீச்சொலியைத்தான் உள்ளிருப்போர் பறவையென மயங்குவர்.)

மலர்க்குழுவினர் அக்கவிதையைக் கேட்டிருக்கிறார்கள். குருவியை எடுத்துவிட்டு அணிலை வைத்துப் பார்த்தேன். பின்வரும் வரிகள் நிற்கவில்லை. கூட்டுக்கு இரைகொண்டு வரும் தந்தைப் பறவையை நம்பி எழுதியவை அவை. ஆதலால் கவிதையைத் தரவில்லை, இவ்வுரையைத் தருகிறேன்.