மலையோடைகளும் பெயரறியாப் புழுக்களும்

(மாணவர்களும் அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



நீர்மின் திட்டங்களின் செலவு–பயன் கணக்கைப் பற்றிப் பேச வந்த பொருளாதாரக்காரன் ஒரு பூச்சியிலிருந்து தொடங்குவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆயின், இமயமலைச் சாரலில் ஓர் ஓடையைத் திசைதிருப்புமுன் நாம் எழுதும் கணக்கில் இழப்புப் பக்கம் எவ்வாறு நிரப்பப்படுகிறது என்று ஆராய்ந்தால், இப்பூச்சியை விட்டுவிட்டு மேலே செல்ல இயலாது.

விலங்கியலார் இவ்வரிசைக்கு டிரைகாப்டிரா என்று பெயரிட்டுள்ளனர். மயிரடர்ந்த இறகுடையது என்பது பொருள். ஆங்கிலத்தில் கேடிஸ் ஈ என்பர். தமிழில் நிலைபெற்ற பெயர் ஏதும் இல்லை. ஈ என்று வழங்கினாலும் இது ஈயன்று. அந்துப்பூச்சிகளுக்கும் பட்டுப்பூச்சிக்கும் நெருங்கிய உறவுடையது. பட்டிழை சுரக்கும் ஆற்றல் இதன் புழுவுக்கும் உண்டு. ஆனால் அப்புழு வாழ்வது நீரடியில். மணலையும் சிறு கல்லையும் இலைத் துணுக்கையும் இழையால் ஒட்டித் தன் உடலைச் சுற்றி உறை கட்டிக்கொள்வன பல. கற்களுக்கிடையே வலை பின்னி, ஓட்டத்தில் வருவதைப் பிடித்துண்பன சில. சருகை அரைத்துத் துகளாக்குவன, பாறைப் பாசியைச் சுரண்டுவன, பிற புழுக்களை வேட்டையாடுவன என ஒரே ஓடையில் இத்தனை வேலைப் பகுப்பு. ஆடம் ஸ்மித் கண்டிருந்தால் குண்டூசித் தொழிற்சாலையை விட்டு இதனை எடுத்துக்காட்டியிருப்பாரோ என்னவோ! காஷ்மீரத்திலும் இமாச்சலத்திலும் டிரவுட் மீனுக்கு இப்புழுக்கள் இரையாகின்றன.

உலகில் இதுவரை 16,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இந்தியாவிலிருந்து மட்டும் ஆயிரத்துக்கும் மேல். 1930களில் மார்ட்டின் மோஸ்லி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இந்தியச் சிற்றினங்களைத் தொடராக விவரித்தார். 1950களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டின் தொடக்கத்திலும் பெர்னான் ஷ்மிட் நம் மலைகளில் அலைந்து திரிந்து பெருந்தொகுப்பைச் சேர்த்தார். அண்மைக் காலத்தில் நம் பல்கலைக்கழகத்தாரும் புதிய சிற்றினங்களைச் சேர்த்து வருகின்றனர். இப்பணிகளின் பெருமையை நான் குறைத்துக் கூறவில்லை. எனினும் இவற்றில் பெரும்பாலானவை முதிர்ந்த பூச்சியை, அதிலும் ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்புகளின் வடிவத்தை, அடிப்படையாகக் கொண்டவை. புழுப்பருவம் அறியப்பட்டவை மிகச் சிலவே.

சிக்கல் இங்கேதான். முதிர்பூச்சியின் வாழ்வு குறுகியது. உயர்மலைகளில் அது பறக்கும் காலம் ஆண்டில் சில வாரங்களே. மாலை வேளையில் ஓடைக்கரையில் விளக்கேற்றிக் காத்திருப்பவருக்கே அது கிட்டும். திட்ட அறிக்கைக்காக ஓடையில் இறங்கும் ஆய்வாளரின் வலையில் விழுவதோ புழு. அதற்குப் பெயர் சொல்ல அவரிடம் நூல் இல்லை. ஆகவே குடும்பப் பெயரை மட்டும் எழுதி அமைகிறார். கழிவுநீர் கலந்துள்ளதா என்றறிய அது போதும். 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனில் உருவான மதிப்பெண் முறையே குடும்பங்களுக்குத்தான் எண் கொடுக்கிறது. உறை கட்டும் பல குடும்பங்களுக்கு 10, வலை பின்னும் ஹைட்ரோசைக்கிடே குடும்பத்துக்கு 5. நமது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உயிரியல் அளவுகோலும் குடும்ப அளவிலானதே. ஆனால் நீரின் அளவைக் குறைத்தால் எது அழியும் என்ற கேள்விக்குக் குடும்பப் பெயர் விடையாகாது. ஒரே குடும்பத்தில் குளிர்ந்த விரைந்த ஓட்டம் இன்றி வாழவியலாததும் உண்டு, எதையும் தாங்குவதும் உண்டு. ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டுமே உரியது எது என்பதும் சிற்றின அளவில்தான் தெரியும்.

புழுவையும் பூச்சியையும் இணைக்கப் பழைய வழிகள் இரண்டு. புழுவை வளர்த்துப் பூச்சியாக்கலாம். மலையோடையின் குளிரையும் ஓட்டத்தையும் ஆய்வுக்கூடத்தில் அமைப்பது எளிதன்று. அல்லது முதிர்ந்த ஆண் கூட்டுப்புழுவைத் தேடியெடுக்கலாம். புழு உதிர்த்த கடினத் தோல் துண்டுகள் கூட்டினுள்ளேயே கிடக்க, உடலில் பூச்சியின் உறுப்புகளும் உருவாகியிருக்கும். அழகிய முறை, ஆனால் உரிய நாளில் உரிய கூடு கிடைக்கவேண்டும்.

மூன்றாவது வழி மரபணுவினுடையது. கனடாவின் பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவினரும் 2003-இல் முன்வைத்த கருத்துப்படி, மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட பகுதியைப் படித்தால் விலங்குகளுள் பெரும்பாலானவற்றைச் சிற்றினம் பிரித்தறியலாம். பூச்சியின் ஒரு கால் போதும். புழுவிலிருந்தும் ஒரு கால். இரண்டின் எழுத்து வரிசையும் பொருந்தினால், பெயருள்ள பூச்சியின் பெயர் அதன் புழுவுக்கும் உரித்தாகிறது. ஒரு புழுவின் வரிசை எதனோடும் பொருந்தாவிடின், அங்கு இன்னும் தேடவேண்டியது இருக்கிறது என்று பொருள்.

மலைகளில் இது எத்துணைப் பயன்தரும் என்பதற்கு, டுரூசஸ் என்னும் பேரினத்தைப் பற்றி ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளே சான்று. டுரூசஸ் டிஸ்கலர் என்னும் சிற்றினம் பல மலைத்தொடர்களில் காணப்படுவது. 2006-இல் வெளியான ஆய்வொன்று, இதன் கூட்டங்கள் பனியூழிக் காலத்தில் வெவ்வேறு புகலிடங்களில் தப்பிப் பிழைத்து, தொடருக்குத் தொடர் நீண்டகாலம் பிரிந்து வாழ்ந்தவை என்று காட்டியது. 2015-இல் மேற்குப் பால்கன் மலைகளிலிருந்து இதே பேரினத்தில் இரண்டு புதிய சிற்றினங்கள் விவரிக்கப்பட்டன. ஐரோப்பாவின் நன்கு ஆராயப்பட்ட மலைகளிலேயே நிலை இதுவென்றால், இமயத்தின் பக்கப் பள்ளத்தாக்குகளைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

ஓர் எச்சரிக்கை வேண்டும். எழுத்து வேறுபாடு ஒன்றை மட்டுமே கொண்டு புதிய சிற்றினம் அறிவிப்பது முறையன்று. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது. அதன் சாட்சியம் ஒருபக்கச் சாட்சியம். உட்கரு மரபணுவும் உறுப்பின் வடிவமும் புழுவின் தோற்றமும் ஒத்துச் சொல்லவேண்டும். வகைப்பாட்டறிஞரை ஓய்வு பெறச் செய்துவிட்டு இயந்திரத்தை வாங்கிவைத்தால் போதும் என்று எண்ணும் அலுவலகங்கள் இதனைக் கருதுதல் நலம்.

இனி நிர்வாகத்துக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 25 மெகாவாட்டுக்குக் குறைந்த நீர்மின் திட்டங்களுக்கு முன் அனுமதி தேவையில்லை. அத்தகைய திட்டங்கள் அமைவதோ பெரும்பாலும் சிற்றோடைகளில். இப்புழுக்களின் தாயகமும் அவையே. தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட நீளத்தில் வறட்சிக் காலத்தில் எஞ்சுவது மெல்லிய நீர்க்கோடு. மேல் கங்கைப் பகுதிக்கு 2018-இல் வந்த அறிவிக்கை, மாத சராசரி ஓட்டத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை 20 விழுக்காடும், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25 விழுக்காடும், ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 விழுக்காடும் விடுவிக்க வேண்டுமெனப் பணித்தது. நல்ல தொடக்கம். எனினும் ஓட்டத்தைக் கணிசமாக மாற்றாத மிகச் சிறு திட்டங்களுக்கு அதில் விலக்கு உண்டு. கணிசம் என்பதை எந்த உயிரியைக் கொண்டு அளப்பது? பெயரும் தேவையும் அறியப்படாத உயிரி அந்த அளவுகோலில் இடம்பெற வழியில்லை.

மலைக் கிராமங்களுக்கு மின்சாரம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. கூறுவது சிறு செலவைப் பற்றியது. விண்ணப்பம் வந்த ஓடையில், மண் வெட்டுமுன், ஓராண்டின் எல்லாப் பருவங்களிலும் புழுவும் பூச்சியும் சேகரிக்கவேண்டும். கட்டுமானத்துக்குப் பின் எடுக்கும் மாதிரிக்கு ஒப்பிட முந்தைய நிலை இராது. இச்செலவை ஒவ்வொரு திட்ட உரிமையாளரிடமும் தனித்தனியே விட்டால் எவரும் செய்யார். ஒருவர் பெற்ற அறிவு அடுத்த ஓடைக்கும் பயன்படும் பொதுச்சொத்து ஆதலால், இது அரசின் செலவாதலே பொருத்தம். மாதிரிகளை ஃபார்மலினில் இடலாகாது, அது டி.என்.ஏ.வைச் சிதைக்கும். தூய எத்தனால் வேண்டும். அதனை வாங்க ஆயத்தீர்வை அனுமதிக்காக ஆய்வு மாணவர் படும் பாட்டை இங்குள்ள சிலர் அறிவீர்கள். பருவம் முடிந்தபின் வரும் அனுமதியால் பயனில்லை. மாவட்ட அளவில் இதனை எளிதாக்கும் அதிகாரம் உங்களில் பலருக்கு நாளை வரும். புதிய சிற்றினம் கண்டறியப்பட்டால் சான்று மாதிரியை அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு கூறுகிறது. அதோடு எழுத்து வரிசையையும், எடுத்த ஓடையின் பெயரையும் உயரத்தையும் நாளையும் பொதுவில் வைத்தால், அடுத்த ஓடைக்குச் செல்லும் ஆய்வாளர் குடும்பப் பெயரோடு நிற்க நேராது.