கன்று வீச்சு நோய்: ஓர் எஞ்சினியரின் அனுபவம்



எஞ்சினியருக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்னு கேட்காதீங்க. எங்கள் வீட்டுப் பசு ஏழாம் மாதச் சினையில் கன்றை வீசிவிட்டது. நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் போட்ட அம்மா, சில வாரங்களில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலில் படுத்துவிட்டார். 6 வாரம் மாத்திரை சாப்பிட்டுத்தான் எழுந்தார்.

காரணம் புரூசெல்லா. 1897-ல் டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பாங் கண்டறிந்த கிருமி. சினை மாட்டின் கருப்பையில் ஊறும் எரித்ரிட்டால் என்ற சர்க்கரைப் பொருள் அதற்கு விருந்து. அங்கே பெருகி, நஞ்சுக்கொடி மொட்டுகளை அழுகச் செய்கிறது; ஊட்டமின்றிக் கன்று இறக்கிறது.

கையுறை போடுங்க. வீசிய கன்றைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதையுங்க. பாலைக் காய்ச்சியே குடியுங்க. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு ஆயுளில் ஒரே தடுப்பூசி போதும். ஊருக்குப் போனதும் இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.