காற்று வருகிறது, சூடு வரவில்லை



சென்ற ஐப்பசியில் ஒரு நாட் காலை ஒன்பதரை மணியளவில் கனடாவிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அங்கே அப்போது நள்ளிரவு. ஒன்ராறியோ மாகாணத்து ஏரிக்கரை ஒன்றில், மோட்டார் வண்டியின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லும் சிறு வீட்டிலே மனைவி மக்களுடன் தங்கியிருந்தான். ‘ட்ரெயிலர்’ என்று வழங்கும் அவ்வீட்டிற் கட்டில், அடுப்பு, குளிர் போக்கும் உலை யாவும் உண்டு. அடுப்புக்கும் உலைக்கும் புரொப்பேன் வாயுவே எரிபொருள்.

“மாமா, உலையிலிருந்து காற்று வருகிறது, சூடு வரவில்லை. சிலிண்டரை மாற்றியும் பார்த்துவிட்டேன்” என்றான்.

“அடுப்பு எரிகிறதா?” என்று கேட்டேன். பழுதறிய முதலிற் கேட்கவேண்டியது அதுதான். அடுப்பில் நீலச் சுவாலை சீராக நின்றால், வாயு குறைவின்றி வருகிறது என்பது பொருள்.

“நன்றாக எரிகிறது. இரண்டு மணி நேரமாக அதிலேதான் குளிர்காய்கிறோம். பிள்ளைகளுக்குத் தலை வலிக்கிறதாம்.”

உலையைப் பற்றிய பேச்சை அத்துடன் விட்டேன். “அடுப்பை அணை, கதவைத் திற, எல்லாரையும் வெளியே கொண்டுபோ, இப்போதே வைத்தியரிடம் காட்டு” என்றேன்.

மூடிய சிற்றறையிற் சுவாலை எரிய எரிய ஒட்சிசன் குறைகிறது. குறைந்த ஒட்சிசனில் எரியும் வாயு, காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சைப் பிறப்பிக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்ளும். தலைவலியும் குமட்டலும் அதன் முன்னறிவிப்புகள். உறங்குபவருக்கோ அந்த அறிவிப்பும் கிட்டாது. அதைக் கண்டு ஒலியெழுப்பும் கருவி அவ்வீட்டில் இருந்தது. ஓயாது கீச்சிடுகிறதே என்று அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தார்கள்!

பிள்ளைகள் தேறினார்கள். மறுநாட் பகலில், அவன் அங்கும் நான் இங்குமாக, உலையை ஆராய்ந்தோம்.

அறை குளிர்ந்ததும் உலையில் முதலில் விசிறி சுழலும். அதன் காற்று ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளி ஓர் ஆளியை மூடும். பாயைக் காற்றுத் தள்ளுவது போன்றிருப்பதால் அதற்குப் பாய் ஆளி என்றே பெயர். அது மூடினாலன்றி வாயு உலைக்குட் புகாது, தீப்பொறியும் பிறவாது. காற்றோட்டமின்றி எரிந்தால் உலை அளவுமீறிச் சூடேறும் என்பதற்காக அமைத்த காவல் அது. விசிறியைச் சுழற்றுவது 12 வோல்ற்றுப் பற்றரி. குளிரில் ஈயப் பற்றரி வலுக்குன்றும். அப்போது விசிறி சுழலும். ஆனால் தகட்டைத் தள்ளும் வேகம் இராது. ஆகவே காற்று மட்டும் வரும். மருமகன் வோல்ற்றுமானியை வைத்துப் பார்த்தான். முள் 11க்கும் கீழே நின்றது. பழி வாயுவின் மேல்; குற்றமோ பற்றரியில்!

அந்த ஆளியைக் கம்பியால் இணைத்து ஏமாற்றி உலையை எரிய வைக்கலாமே என்று சொல்லித்தரும் கெட்டிக்காரர் உண்டு. அவர் பேச்சைக் கேளாதீர்கள்.

அடுப்பும் எரியாதாயின் வாயுப் பக்கத்தைப் பார்க்கவேண்டும். சிலிண்டரைச் சடுதியாகத் திறந்தால், மிகைப்பாய்ச்சலைத் தடுக்கும் அடைப்பு தானே இறுகிக்கொள்ளும். எல்லாவற்றையும் மூடி, சற்றுப் பொறுத்து, மெல்லத் திறத்தல் வேண்டும். நம் நாட்டுச் சமையல் வாயுவிற் பெரும்பங்கு பியூற்றேன். அது உறைபனிக் குளிரில் ஆவியாகாமற் சிலிண்டருக்குள்ளேயே கிடக்கும். புரொப்பேனோ −42 பாகை வரை ஆவியாகும். குளிர்நாட்டார் அதைத் தெரிந்தெடுத்தது அதனாலேதான்.

புகைபோக்கியையும் எட்டிப் பார்க்கவேண்டும். வீட்டிற் குளவி கூடு கட்டினால் நல்ல சகுனம் என்பார் நம்மவர். கோடையில் அது உலையின் புகைபோக்கியிற் கட்டினால் மாரியில் உலை மூச்சுத்திணறும். அழுகிய முட்டை போன்ற நாற்றம் எழுந்தாலோ, வாயு கசிகிறது என்று அறிக. புரொப்பேன் காற்றிலும் கனமானது. தரையோடு தேங்கி நிற்கும். மின்னாளி எதனையும் தொடாது வெளியேறிச் சிலிண்டரை மூடவேண்டும்.

மருமகன் அன்று மாலை இரண்டு பொருள்கள் வாங்கினான்: உலைக்குப் புதிய பற்றரி ஒன்று, அலுமாரிக்குட் கிடந்த ஒலிக்கருவிக்குச் சிறு பற்றரி ஒன்று. அந்தக் கருவி கீச்சிட்டது பழுதினாலன்று. தன் பற்றரி தீர்ந்ததை அறிவிக்கவே.