விளக்கு சும்மா எரிகிறதா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் "பத்தே நிமிஷம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேரே விஷயத்துக்கு வருகிறேன். பழைய கார்க்காரர்கள் என் ஷெட்டுக்கு வந்ததும் சொல்வது இதுதான்: "அண்ணே, லைட்டு சும்மா சும்மா எரியுது. வண்டி நல்லாத்தான் ஓடுது. ஒயரைப் புடுங்கி விட்டுடுங்க." புடுங்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் சும்மாதான் எரிகிறது என்று சோதித்துப் பார்க்காமல் அதைச் செய்யக் கூடாது.

முதலில் சிவப்பு ஆயில் விளக்கு. மாருதி 800 போன்ற வண்டிகளில் இது ரொம்பச் சாதாரண அமைப்பு. பிரஷர் இல்லாதபோது எஞ்சினில் உள்ள ஸ்விட்ச் ஒயரை எர்த் பண்ணும், விளக்கு எரியும். பிரஷர் ஏறியதும் தொடர்பு விட்டுப்போகும், விளக்கு அணையும். ஓடும்போது எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால், சாவியை மட்டும் ஆன் பண்ணி, ஸ்விட்சிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். அப்போதும் எரிகிறதா? ஒயர் எங்கேயோ தேய்ந்து பாடியில் படுகிறது. எலி கடித்தும் இருக்கலாம். அணைந்துவிட்டதா? அப்போது ஸ்விட்ச் கெட்டிருக்கலாம், நிஜமாகவே பிரஷர் குறைந்தும் இருக்கலாம். ஸ்விட்சைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

ஒரு டாக்ஸிக்காரர். "ஸ்விட்ச் கம்ப்ளெயிண்ட்" என்று யாரோ சொன்னதை நம்பி, ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டினார். இரண்டு வாரத்தில் எஞ்சின் ஜாம். சம்ப்பைக் கழற்றினால், ஆயில் உறிஞ்சும் சல்லடை முழுக்கக் கசடு. பேரிங் போச்சு, கிராங்க்கும் போச்சு. கடனில் வாங்கிய வண்டி அது. கேஜ் மாட்டிப் பார்க்க அரை மணி நேரம் ஆகியிருக்குமா?

அடுத்து மஞ்சள் நிற 'செக் எஞ்சின்' விளக்கு. இது மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தால் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடேறி வீணாகிவிடும். நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். இங்கேதான் தம்பிகள் அவசரப்படுகிறார்கள். ஸ்கேனர் ஆக்ஸிஜன் சென்சார் என்று காட்டினால், உடனே புது சென்சார்! எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சென்சாருக்கு முன்னால் ஒரு சின்ன வெடிப்பு இருந்தால், வெளிக்காற்று உள்ளே இழுக்கும். சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, ஆக்ஸிஜன் அதிகம் என்கிறது. பெட்ரோல் பற்றவில்லை என்று 'பி 0171' விழுகிறது. நீங்கள் எத்தனை சென்சார் மாற்றினாலும் அதே கோடுதான் வரும். வேக்குவம் ஹோஸ் கிழிந்தாலும் இந்தக் கோடு விழும், ஆனால் அங்கே காற்றுக் கலவை நிஜமாகவே கெட்டிருக்கிறது.

ஸ்கேனரைக் கோடு படிக்க மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் பண்ணிப் பாருங்கள். கூலண்ட் வெப்பமும், உள்ளே வரும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். சென்னையில் மைனஸ் 40 டிகிரி காட்டினால், எஞ்சினைத் திட்டி என்ன பிரயோஜனம்? ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது கப்ளர் கழன்றிருக்கிறது.

பழைய வண்டியில் நான் முதலில் பார்ப்பது எர்த். பேட்டரி டெர்மினலில் களிம்பு, எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையில் துருப்பிடித்த பட்டை. எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சுத்தம் பண்ணிவிட்டு அப்புறம் சென்சாருக்குப் போங்கள்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தே ஓ.பி.டி. 2 கட்டாயம். இங்கே 2013 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முந்தைய பல வண்டிகளில் கடையில் வாங்கும் சின்ன ஸ்கேனர் பேசாது. மல்டிமீட்டரும் ஒயரிங் படமும்தான் துணை.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு: சாவியை ஆன் பண்ணியதும் எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிய வேண்டும். ஒன்று எரியவில்லை என்றால் பல்பு ஃபியூஸா, யாராவது கழற்றிவிட்டார்களா என்று கேளுங்கள்.

செயலாளர் வாட்சைப் பார்க்கிறார். பிரஷர் கேஜ் என் பையில் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் வெளியே நிற்கும் என் வண்டியிலேயே மாட்டிக் காட்டுகிறேன். வருகிற மாணவர்கள் வாருங்கள்.