கொலம்பஸில் கடைசி சீட்

போன வாரம் எபிசோடு வரல, மன்னிச்சுக்கோங்க. தொண்டை போயிடுச்சு. சளி, காய்ச்சல் எல்லாம் இல்ல. பொருட்காட்சியில கொலம்பஸ் ஏறி கத்தினதுல போச்சு. இத்தனை வயசுல இது தேவையான்னு அம்மா கேட்டாங்க. தேவைதான். ஏன்னு இன்னைக்குச் சொல்றேன்.

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு பொருட்காட்சி என்றால் தீவுத்திடல்தான். பொங்கல் சமயம், மாலை நேரம், கூவம் வாடையையும் மீறி மிளகாய் பஜ்ஜி வாசனை. அரசுத் துறை அரங்குகளை அப்பா நிதானமாகப் படித்துக்கொண்டே வருவார். எங்கள் கண்ணெல்லாம் அந்தக் கடைசியில் எரிகிற விளக்குகள் மேல. ஜெயன்ட் வீல், டோரா டோரா, பிரேக் டான்ஸ், கப் அண்ட் சாசர், பேய் வீடு. பேய் வீட்டில் எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை. பேய் வேஷம் போட்ட அண்ணன் ஓரமாக நின்று டீ குடித்ததை முதல் வருஷமே பார்த்துட்டேன்.

ஜெயன்ட் வீலில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. வரிசையில் நாங்கள் நாலு பேரும் ஒன்றாக நிற்போம். ஏற்றிவிடுகிறவர் என்னையும் அக்காவையும் ஒரு பெட்டியில் உட்கார வைத்துவிட்டு, அப்பா அம்மாவை நிறுத்திவிடுவார். வீல் பாதி சுற்றி நிற்கும். அப்புறம்தான் அவர்களை ஏற்றுவார். எங்களைப் பிரிக்கிறதில் இவருக்கு என்ன சந்தோஷம் என்று நினைப்பேன். பெரியவளான பிறகுதான் புரிந்தது, அவர் தராசு பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரே பக்கம் ஆள் சேர்ந்தால் வீல் அந்தப் பக்கம் இழுக்கும். மோட்டாரும் திணறும், நிறுத்துறதும் கஷ்டம். அதனால இங்க ரெண்டு பேர்னா எதிர்ப் பக்கம் ரெண்டு பேர்.

இந்த வீலுக்கு ஒரு பூட்டன் உண்டு. 1893இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. அதற்கு நாலு வருஷம் முன்னாடிதான் பாரிஸ் ஈஃபில் கோபுரம் கட்டி அசத்தியிருந்தது. அதற்குப் பதிலாக ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரத்துக்கு ஒரு சக்கரம் கட்டினார். 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர் வரை. அவ்வளவு பேரைத் தூக்கிச் சுற்றுமா, விழுந்துவிடாதா என்று அப்பவே ஊரெல்லாம் பேச்சு. விழவில்லை. சக்கரம் நின்றது, மூன்றே வருஷத்தில் ஃபெரிஸ்தான் போய்விட்டார்.

சரி, கொலம்பஸுக்கு வர்றேன். அந்தப் பெரிய படகு ஊஞ்சல். நான் ரொம்ப நாளாக அதைப் படகுக்குள்ளேயே ஏதோ பெரிய இயந்திரம் இருந்து ஆட்டுகிறது என்று நம்பினேன். அடியில் குனிந்து பார்த்தால் பல இடங்களில் இருப்பது ஒரு டயர். மோட்டார் அதைச் சுற்றும். படகின் அடிப்பாகம் கடந்து போகும்போது டயர் உரசி ஒரு தள்ளு தள்ளும். வீட்டு ஊஞ்சலில் பின்னாடி நின்று தள்ளிவிடுற அண்ணனோட வேலைதான். முடிக்கும்போது அதே டயர்தான் பிரேக்கும்.

இதில் ஒரு அழகான கணக்கு இருக்கு. படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 60 டிகிரி வரை ஏறுதுன்னு வெச்சுக்கோங்க. உச்சியில் ஒரு நொடி நிற்கும்போது உங்க எடை பாதியாத் தெரியும். அடியில் கடக்கும்போது இரண்டு மடங்காத் தெரியும். நீங்க 50 கிலோன்னா, சில நொடிக்குள்ள 25, 100, மறுபடி 25. வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் சேர்ந்து மிதந்து, சேர்ந்து அழுந்துது. காதுக்குள் சமநிலை பார்க்கிற உறுப்புக்கும் குழப்பம். உடம்பு உடனே ‘விழுறோம்’னு மணி அடிக்குது. உண்மையில் நீங்க எங்கேயும் விழல. அதுதான் காசு கொடுத்து வாங்குற பயம். ரொம்ப நல்ல சரக்கு.

இன்னொரு பயம் இருக்கு, அது ஓசியில வரும்.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு ஊர்த் திருவிழாப் பொருட்காட்சி. ஊர் பேர் வேண்டாம். அக்கா மகளுக்கு அப்போ ஒன்பது வயசு. “சித்தி, கடைசி சீட்டுதான் கெத்து”ன்னு இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் சொல்றது சரிதான். கடைசி வரிசை மற்ற எல்லாரையும் விட மேலே ஏறும். எடை இன்னும் குறையும். உட்கார்ந்தோம். மடிக்கு மேல் கம்பியை இறக்கினேன். கொக்கி மாட்டுற சத்தம் வரல. தூக்கினால் கம்பி மேலே வந்துடுச்சு. கூப்பிட்டேன். ஒரு பையன் வந்தான், இருபது வயசு கூட இருக்காது. பின்னைத் தேடினான், இல்லை. பாக்கெட்டில் இருந்து ஒரு நைலான் கயிறு எடுத்துக் கம்பியைக் கட்டினான். “ஒண்ணும் ஆகாதுக்கா. தினமும் இப்படித்தான் ஓடுது.”

நான் இப்பதான் சொன்னேன் இல்லையா, உச்சியில் எடை குறையும் என்று. கடைசி வரிசையில் அந்த நொடியில் ஒரு சின்னக் குழந்தையை இருக்கையோடு பிடித்து வைக்க புவியீர்ப்பு ஒன்றும் பெரிதாகச் செய்யாது. கம்பிதான் பிடிக்கணும். அந்தக் கம்பியை ஒரு கயிறு பிடிச்சுக்கிட்டிருக்கு.

எனக்கு அன்றைக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கூச்சம். அதை ஒத்துக்கணும். படகு முழுக்க ஆள். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். முன் வரிசையில் ஒருவர், “பயமா இருந்தா ஏன் ஏறுறீங்க?” என்றார். அஞ்சு செகண்ட் நான் உட்கார்ந்தே இருந்தேன். அந்த அஞ்சு செகண்ட் இன்னும் மனசை உறுத்துது. அப்புறம் அவள் கையைப் பிடித்து இறங்கினேன். அவள் ராத்திரி முழுக்கப் பேசல. வீட்டுக்கு வந்து, “சித்தி பயந்தாங்கொள்ளி” என்று அக்காவிடம் ஒரே புகார். பொருட்காட்சி அலுவலகத்தில் சொன்னேன், பார்க்கிறோம் என்றார்கள். எழுதிக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

மனசு கேட்கல. மறுநாள் திறக்கிறதுக்கு முன்னாடி, நாலு மணிக்குத் தனியாகப் போனேன். கொலம்பஸ் பக்கம் யாரும் இல்லை. ஜெயன்ட் வீல் அடியில் ஒரு பெரியவர் கிரீஸ் போட்டுக்கொண்டு இருந்தார். கயிறு கதையைச் சொன்னதும் தலையை ஆட்டினார். “அது வேற பார்ட்டிம்மா.” அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரே மைதானம், ஒரே நுழைவுச் சீட்டு, ஆனால் ஒவ்வொரு ராட்டினமும் வேற வேற ஆளுடையதாக இருக்கலாம். ஒன்றில் இருக்கிற ஒழுங்கு பக்கத்தில் இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

அவர் காட்டினதுதான் எனக்குப் பாடம். வீலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை அடுக்கியிருந்தது. முதல் நாள் ராத்திரி தூறல் போட்டிருந்ததால் மண் இறங்கியிருக்குமோன்னு காலையிலேயே ரசமட்டம் வைத்துப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. “ஊர் விட்டு ஊர் போகும்போது கழற்றின பின் எல்லாம் இதுலதான் வரும். மாட்டி முடிச்சா டப்பா காலியாகணும். ஒண்ணு மிஞ்சினாலும் அன்னைக்கு வீல் சுத்தாது.” தினமும் ஆள் ஏற்றும் முன்னால் வெறும் வீலைச் சுற்றவிட்டு, கண்ணை மூடிக் கேட்பாராம். சத்தம் மாறினால் தெரிஞ்சிடுமாம்.

அன்றிலிருந்து நான் ராட்டினத்தைப் பார்க்கிறதை விட ஏற்றிவிடுகிற ஆளைத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு கம்பியையும் அவரே கையால் இழுத்துப் பார்க்கிறாரா, போன் பார்த்துக்கிட்டே கை காட்டுறாரா? சின்னக் குழந்தையைத் தூக்கிட்டு வர்றவங்களிடம் ‘முடியாது’ன்னு சொல்றாரா? சொல்றவர் என்றால் நான் நம்பி ஏறுவேன். கூட்டம் திட்டும்போதும் அதைச் சொல்ல ஒரு தைரியம் வேணும். எனக்கே அஞ்சு செகண்ட் ஆச்சே.

மரணக் கிணறு பற்றிக் கேட்பீங்க. அங்க இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கிணறு 10 மீட்டர் குறுக்களவு இருந்தால், டயர் பிடிப்பு நன்றாக இருக்கும்போது மணிக்கு சுமார் 30 கிலோமீட்டரில் சுவரில் நிற்கலாம் என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஹெல்மெட் இல்லாமல் கையை விட்டுட்டு, நாம நீட்டுற பத்து ரூபாயைப் பறிக்கிற அந்த ஆளுக்கு அது விளையாட்டுப் பயம் இல்லை. பலகை அதிர்கிறதை மேலே நிற்கிற நமக்கே கால் வழியாத் தெரியுது. நான் இப்போ நோட்டு நீட்டுறதில்லை. டிக்கெட் மட்டும் வாங்குறேன். அதுவும் சரியான்னு இன்னும் முடிவு பண்ணல.

இந்த வருஷம் தீவுத்திடல். அவளுக்குப் பதினொன்று ஆயிடுச்சு. மறுபடி கடைசி சீட். நான் வாயைத் திறக்கும் முன்னாடி அவளே கம்பியை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். திருப்தி இல்லை போல. “அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். “இன்ஸ்பெக்டர் வந்துட்டாங்கப்பா.” வந்தவர் எங்க கம்பியோட விடாமல் அந்த வரிசை முழுக்க இழுத்துப் பார்த்துட்டுப் போனார்.

படகு ஏறியது. அவள் ரெண்டு கையையும் தூக்கிட்டா. நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு முருகா முருகான்னு கத்தினேன். இறங்கி, மிளகாய்ப் பொடி தூவின டெல்லி அப்பளம் ஒன்றை ரெண்டு பேரும் உடைத்து உடைத்துச் சாப்பிட்டோம். பாதி அப்பளத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

“சித்தி, இன்னொரு தடவை?”

தொண்டை போனது அந்த இன்னொரு தடவையில்தான்.