பேரிக்குக் கோபம் வந்த விதம்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும்படி அமைப்புக் குழுவினர் கேட்டதைப் பெரும் மதிப்பாகக் கருதுகிறேன். கணினியியலாரும் உளவியலாரும் தமிழறிஞர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் இடத்தில் எந்தத் துறைக்கும் குறை வைக்காமல் பேச முடியுமா என்ற தயக்கமும் இருக்கிறது.

'செயற்கை நுண்ணறிவில் உணர்ச்சி மாதிரிகள்' என்பது நமக்குத் தந்திருக்கும் தலைப்பு. அதன் வரலாற்றை உங்கள் முன் விரிக்கத் தேவையில்லை. எக்மனின் அடிப்படை உணர்ச்சிகள், ரஸ்ஸல் 1980இல் முன்வைத்த உணர்ச்சி வட்டம், ஆர்டனி, குளோர், காலின்ஸ் மூவரும் 1988இல் வகுத்த 22 உணர்ச்சி வகைகள், ரோசலிண்ட் பிக்கார்டின் 1997ஆம் ஆண்டு நூல் எல்லாம் நீங்கள் வகுப்பில் நடத்துபவை. முகத்தை வைத்து மனத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையை லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் அலசி, அதன் பலவீனங்களைக் காட்டினார்கள். பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளுக்கு, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இவற்றைப் பிற்பகல் அமர்வுகள் கவனித்துக்கொள்ளும்.

நான் பேச விரும்புவது பேரி என்ற உரையாடல் நிரலைப் பற்றி.

வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலிசா என்ற உரையாடல் நிரலைச் சொல்லாமல் நம் துறையில் யாரும் ஒரு முன்னுரை எழுதுவதில்லை. உளவியல் மருத்துவர் கென்னத் கோல்பி, ஸ்டான்ஃபோர்டில் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய பேரிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. எலிசாவும் பேரியும் வலையமைப்பு வழியாக 1972இல் உரையாடியதை வேடிக்கைக் கதையாகச் சொல்வதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். இது நியாயமில்லை. எலிசாவுக்குள் உணர்ச்சி என்று எதுவுமே கிடையாது. பேரிக்குள் அச்சம், கோபம், நம்பிக்கையின்மை என்று மூன்று மாறிகள் இருந்தன. எதிரே இருப்பவர் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு வரிக்கும் அவை ஏறும், பிறகு மெல்ல இறங்கும். நம்பிக்கையின்மை மட்டும் மற்ற இரண்டையும்விட மிக மெதுவாக இறங்கும். ஒருமுறை சந்தேகப்பட்டவன் அடுத்த நிமிடமே பழைய ஆளாகிவிடுவதில்லை என்ற மருத்துவ அனுபவம் அந்த ஒரு விதியில் இருக்கிறது.

பேரி நடித்தது அதீதச் சந்தேக நோய் உள்ள ஓர் இளைஞனை. குதிரைப் பந்தயம் ஆடுபவன், ஒரு புக்கியோடு தகராறு செய்தவன், மாஃபியா தன்னைத் தேடுகிறது என்று நம்புபவன். பொதுவாகப் பேசிக்கொண்டிருக்கும்போது குதிரை என்ற சொல் வந்தால் பேச்சு பந்தயத்துக்கும், பந்தயத்திலிருந்து புக்கிக்கும், புக்கியிலிருந்து மாஃபியாவுக்கும் நகரும். கேட்பவர் அக்கறை காட்டினால் அவன் மேலும் சொல்வான். ஐயப்பட்டால் கோபம் ஏறும். ஏறிய கோபம் அடுத்த பதிலையும் அதற்கடுத்த பதிலையும் மாற்றும்.

பேரியின் உரையாடல் பதிவுகளையும் உண்மையான நோயாளிகளின் பதிவுகளையும் உளவியல் மருத்துவர்களிடம் கொடுத்தபோது அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாணயம் சுண்டிச் சொல்வதற்கு மேல் அவர்கள் கணிப்பு தேறவில்லை. இந்த முடிவை மட்டும்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. கோல்பி குழுவினர் பேரியில் இரண்டு பதிப்புகள் வைத்திருந்தார்கள். ஒன்றில் நோய் மிதமானது, மற்றதில் கடுமையானது. எது எது என்று சொல்லாமல் மருத்துவர்களைப் பேசவிட்டு மதிப்பிடச் சொன்னபோது, கடுமையான பதிப்புக்கே அதிகச் சந்தேகக் குணம் இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். உள்ளே இருக்கும் உணர்ச்சியை மாற்றினால், கோட்பாடு சொல்லும் திசையில் வெளியே நடத்தை மாற வேண்டும். ஓர் உணர்ச்சி மாதிரிக்கு இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது.

மருத்துவர்களால் பிரித்தறிய முடியவில்லை என்பதை ஒரு சான்றாக வைசன்பாம் ஏற்கவில்லை. எதற்கும் பதில் தராத ஒரு நிரலை எழுதி, அது ஆட்டிசம் உள்ள குழந்தையைப் போல நடக்கிறது என்று சொல்லிவிடலாமே என 1974இல் கேலியாக எழுதினார். பிரித்தறிய முடியாமை விளக்கமாகிவிடாது என்ற அவருடைய வாதம் சரியானது. ஆனால் அந்தப் பதில் தராத நிரலில் மாற்றிப் பார்க்க ஒரு மாறியும் கிடையாது. பேரியில் இருந்தது. வைசன்பாமின் பக்கம் நின்று, பேரி வெறும் சொற்பொருத்த வித்தை என்று என்னிடம் வாதிட்ட மூத்த நண்பர்கள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த இரு பதிப்புச் சோதனைக்கு அவர்கள் இதுவரை பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன். கோல்பியோ தம்மீதான பத்து விமர்சனங்களைத் தாமே தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். பின்னர், அவமானத்தைத் தவிர்க்கவே நோயாளி பழியைப் பிறர்மேல் போடுகிறான் என்ற கோட்பாட்டுக்கு வந்தபோது, நிரலிலும் அவமானத்தைப் புதிய மாறியாகச் சேர்த்தார்.

அவமானம் என்றதும் நம் பக்கத்துக்கு வருகிறேன். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் எட்டு மெய்ப்பாடுகளைத் தமிழ்த் தரவுகளுக்குச் சிட்டையாக ஒட்டும் வழக்கம் பரவி வருகிறது. ஒரு வாக்கியத்தை எடு, அழுகை என்று குறி, அடுத்ததை எடு, வெகுளி என்று குறி. தொல்காப்பியர் எட்டுப் பெயர்களோடு நிறுத்தியிருந்தால் இது போதும். அவர் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள் தந்தார். வெகுளி பிறப்பது உறுப்பை அறுத்தாலும், குடியைக் கெடுத்தாலும், வைது வருத்தினாலும், கொன்றாலும். அழுகைக்கு அவர் தரும் களன்களில் இழவும் வறுமையும் மட்டுமல்ல, இளிவும் இருக்கிறது. பிறரால் இகழப்பட்டவனும் அழுவான். ஒரே அவமதிப்பு ஒருவனை அழ வைக்கும், கோல்பியின் நோயாளியைப் பழி சுமத்த வைக்கும். எது எந்தச் சூழலில் நேர்கிறது என்பதுதானே மாதிரி சொல்ல வேண்டியது? முப்பத்திரண்டு களன்களையும் கழித்துவிட்டு எட்டுப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்வது தொல்காப்பியத்துக்குப் பெருமை சேர்க்காது, கணினிக்கும் உதவாது.

இன்றைய மொழி மாதிரிகள் வருத்தத்தையும் பரிவையும் பேரியால் கனவிலும் எழுத முடியாத நயத்தோடு எழுதுகின்றன. அந்தப் பரிவு எதனால் வந்தது, பத்து வரி கழித்து எங்கே போனது, அதனால் எந்த முடிவு மாறியது? சொல்நயம் இவற்றுக்கு விடை தராது. மாதிரியின் உள்ளடுக்கில் ஒரு திசையைக் கண்டுபிடித்து, அதைக் கூட்டியும் குறைத்தும் பதில் மாறுகிறதா என்று பார்க்கும் ஆய்வுகள் இப்போது வருகின்றன. அவற்றைச் செய்யும் இளைஞர்கள் கோல்பியின் வழியில்தான் நடக்கிறார்கள். அவர்களுடைய கட்டுரைகளில் அவர் பெயரைப் பார்க்க முடியாதது எனக்கு வருத்தம்.

ஆகவே அமர்வுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துல்லிய விழுக்காட்டை மட்டும் கேட்டுவிட்டு எந்தக் கட்டுரையாளரையும் அமரவிடாதீர்கள். உங்கள் மாதிரியில் கோபத்தை ஏற்றுவது எது, இறக்குவது எது, ஏறிய பின் அது எதை மாற்றுகிறது என்று கேளுங்கள். முதல் அமர்வின் முதல் கட்டுரையே எட்டு மெய்ப்பாட்டுச் சிட்டைகளைப் பற்றியது. அதன் ஆசிரியரிடம் அந்தக் கேள்வியை முதலில் கேட்கும் உரிமையை எனக்குத் தர வேண்டுகிறேன்.